முற்றத்தில் கற்ற பேரறிஞர் சாலிம் அலி

மார்கழிக் குளிரில் எண்ணூர்க் கழிமுகத்தை நாடித் தொலைதூரப் பறவைகள் வந்திறங்குகின்றன. வடசென்னையில் வாழும் நாம் அவற்றைக் கடந்து செல்கிறோம். நின்று நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்குவதையே தம் வாழ்வாக்கிக்கொண்ட சாலிம் அலி அவர்களை இங்கு நினைவுகூர்தல் தகும்.

1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். சிறு வயதில் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டொன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதன் பெயரறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நாடினார். அங்குச் செயலாளராயிருந்த மில்லார்டு, பாடம்செய்யப்பட்ட பறவைகளைக் காட்டி அவர் ஆர்வத்தை வளர்த்தார்.

உயர்பட்டம் இல்லாமையால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் சிலகாலம் பணியாற்றியபின் பெர்லின் சென்று, ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்றார். 1930இல் திரும்பியபோது, முன்பிருந்த பணியும் அவருக்கு இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார்.

வறுமை வந்த அவ்விடத்தில்தான் வாய்ப்பும் வந்தது. வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை மழைக்காலம் முழுதும் பொறுமையுடன் கவனித்தார். ஆண்பறவை கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண்பறவை வந்து பார்த்து ஏற்ற பின்னரே அதனை முடிக்கும். பின்பு வேறு துணையை நாடி மறுகூடு தொடங்கும். இவ்வுண்மையை விளக்கிய அவர்தம் கட்டுரை அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது.

பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர் முதலிய பகுதிகளின் பறவைகளை ஆராய்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலையும், பின்னாளில் ரிப்ளியுடன் இணைந்து 10 தொகுதிகள் கொண்ட பெருநூலையும் வழங்கினார். 1976இல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 1987இல் மறைந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மையம் விளங்குகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்களின் சிறகுகளில் அது படிந்ததை நாம் கண்டோம். எத்தனை பறவைகள் முன்பு வந்தன, எத்தனை வராது போயின என்பதைக் கூற, ஆண்டுதோறும் எழுதிவைத்த குறிப்பேடு வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் ஏடும், எழுதுகோலும், சாலிம் அலியின் பொறுமையில் ஒரு சிறு பங்கும் போதும். நம் மாணவர்கள் இவ்வாண்டுக் குளிர்காலத்திலேயே அதனைத் தொடங்குவார்களாக!