தோரோ கட்டிய குடில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகீழ்ப் பகுதியில் உள்ள மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே, ஆறும் வயலும் காடும் சூழ அமைந்த சிற்றூர் கான்கார்டு. அவ்வூரில் 1817 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12 ஆம் நாள் ஹென்றி டேவிட் தோரோ பிறந்தார். தந்தையார் ஜான் தோரோ பென்சில் செய்து விற்கும் தொழிலினர். அன்னையார் சிந்தியா, இல்லத்தில் விருந்தினர் சிலரைப் பணம் பெற்றுக்கொண்டு தங்கவைத்து, குடும்பச் செலவுக்குத் துணைசெய்தார். மக்கள் நால்வருள் ஹென்றி மூன்றாமவர். தமையன் ஜான் அவரினும் ஈராண்டு மூத்தவர். இருவரும் உடலும் நிழலும்போல் வளர்ந்தனர்.

செல்வம் மிகுதியாக இல்லாத குடும்பமாயினும், இளைய மகனை ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பத் தவறவில்லை. 1837 ஆம் ஆண்டு பட்டம் பெற்று ஊர் திரும்பிய ஹென்றிக்கு ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மாணவரைப் பிரம்பால் அடித்தே ஆகவேண்டும் என்று மேலோர் வற்புறுத்தவே, சில நாட்களிலேயே அவ்வேலையைத் துறந்தார். அடுத்த ஆண்டு தமையனுடன் சேர்ந்து தாமே ஒரு பள்ளி நடத்தலானார். 1839 இல் உடன்பிறந்தார் இருவரும் தம் கையாலேயே ஒரு படகு செய்து, கான்கார்டு ஆற்றிலும் மெரிமாக் ஆற்றிலும் பயணம் செய்து மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1842 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சவரக் கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சிறு காயம் உண்டாயிற்று. பொருட்படுத்தத் தகாத அக்காயம் வழியே வாய்ப்பூட்டு நோய் புகுந்தது. சனவரி 11 ஆம் நாள் ஜான் தம்பியின் கைகளிலேயே உயிர் நீத்தார். சில நாட்களுக்குப் பின் ஹென்றிக்கும் அந்நோயின் குறிகள் அனைத்தும் தோன்றின. அவர் உடலிலோ காயம் ஏதும் இல்லை. துயரமே நோயாய் உருக்கொண்டது. உயிர் பிழைத்தார் எனினும், அண்ணனோடு சென்ற ஆற்றுப் பயணத்தை நூலாக எழுதி முடிக்கவேண்டும் என்னும் எண்ணம் அன்றுமுதல் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. எழுதுவதற்கு அமைதியும் ஓர் அறையும் வேண்டுமே! இரைச்சல் நிறைந்த இல்லத்தில் அவை இல்லை. விலைகொடுத்து இடம் வாங்கவோ கையில் பொருளும் இல்லை.

1844 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரண்டு செய்திகள் நிகழ்ந்தன. ஏப்பிரல் திங்களில், ஆற்றங்கரையில் மீன் சுடுவதற்கு அவரும் நண்பர் ஒருவரும் மூட்டிய தீ காய்ந்த புல்லில் பற்றி, ஏறத்தாழ முந்நூறு ஏக்கர் காட்டை அழித்துவிட்டது. காட்டை நேசித்தவரே காட்டை எரித்தவரானார். ஊரார் சிலர் அதனைப் பல்லாண்டு மறக்கவில்லை. மறக்கவேண்டும் என்று அவர்களைக் கேட்பதும் முறையன்று.

இரண்டாவது செய்தி நற்செய்தி. சொந்த வீடு வேண்டும் என்னும் அன்னையாரின் நெடுநாள் விருப்பம் அவ்வாண்டு நிறைவேறியது. புகைவண்டி நிலையத்துக்கு அப்பால், டெக்சாஸ் என்று ஊரார் அழைத்துவந்த புதுப்பகுதியில், தந்தையும் மகனும் சேர்ந்து வீடு கட்டினர். நிலவறையைத் தோண்டி அதற்குக் கல் அடுக்கியவர் ஹென்றியே. கல்லூரிப் பட்டம் பெற்றவர் மண்வெட்டி பிடிக்கிறாரே என்று எவரேனும் நகைத்திருப்பின், அவர் அதனைச் செவியில் ஏற்றிருக்கமாட்டார். வாள், உளி, சுத்தி ஆகியவற்றைக் கையாளும் திறன் பென்சில் தொழிலிலும் படகு வேலையிலும் அவர்க்கு முன்னரே வாய்த்திருந்தது. ஒரு வீட்டை அடிமுதல் முடிவரை எழுப்பும் முறையை அவர் தந்தையாரோடு நின்று கற்றது இவ்வேலையில்தான்.

அதே ஆண்டில் அறிஞர் எமர்சன், கான்கார்டுக்குத் தெற்கே ஒன்றரைக் கல் தொலைவில் உள்ள வால்டன் என்னும் ஏரிக்கரையில் காட்டு நிலம் வாங்கினார். அங்கே குடிலொன்று கட்டிக்கொள்ள நண்பராகிய தோரோவுக்கு இசைவு தந்தார். 1845 மார்ச்சுத் திங்கள் இறுதியில், ஏரியின்மேல் பனிக்கட்டி முற்றும் உருகுமுன்பே, இரவல் வாங்கிய கோடரியொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு தோரோ காட்டுக்குச் சென்றார். இரவல் வாங்கிய அக்கோடரியை வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாக்கியே திருப்பித் தந்தார். ஒருநாள் அதன் தலை கழன்று விழுந்தது. பச்சை ஹிக்கரிக் கொம்பை வெட்டி ஆப்பாக அடித்து, மரம் ஊறிப் பருக்கட்டும் என்று நீரில் ஊறவைத்தார். பச்சை மரத்தின் இயல்பு அறிந்தவர்க்குக் கொல்லனைத் தேடி ஓடவேண்டிய தேவை இல்லை.

ஓங்கி வளர்ந்த இளம் பைன் மரங்களை வெட்டினார். முதன்மையான தூண்களையும் உத்திரங்களையும் நான்கு பக்கமும் ஆறங்குலமாகச் செதுக்கினார். இடைக்கால்களை இருபக்கம் மட்டும் செதுக்கினார். கைமரங்களையும் தரைக்கட்டைகளையும் ஒருபக்கம் மட்டும் செதுக்கி, மற்றைப் பக்கங்களில் பட்டையை அப்படியே விட்டார். இதனால் உழைப்பு மிஞ்சியது. வாளால் அறுத்த மரத்தைவிட வலிமையும் குறையவில்லை. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையிற் செருகும் முறையில் மூட்டுகளை அமைத்தார். ஏப்பிரல் நடுவில் வீட்டின் மரச் சட்டங்கள் நிமிர்த்துவதற்கு ஆயத்தமாயின.

இனிப் பலகை வேண்டும். புதுப்பலகை வாங்க அவர் எண்ணவில்லை. பாஸ்டனிலிருந்து கான்கார்டு வழியாகச் சென்ற பிட்ச்பர்க் இருப்புப்பாதையில், அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் பலர் பாடுபட்டனர். அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் காலின்ஸ். அவர் தம் குடிசையை விற்க முன்வந்தார். தோரோ சென்று பார்த்தார். குடிசையைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்கு மண் குவிந்து கிடந்தது. தரை மண்தரை, ஈரமும் இருளும் நிறைந்தது. கதவின் அடியில் கோழிகள் போக வர நிலையாய் ஒரு வழி இருந்தது. வெயிலில் வளைந்து உடையக்கூடிய நிலையில் இருந்தாலும் கூரையே அதன் நல்ல பகுதி! வீட்டுத் தலைவி விளக்கேந்தி உள்ளே அழைத்துச் சென்று எல்லாவற்றையும் காட்டினார். விலை 4 டாலர் 25 சென்ட் என முடிவாயிற்று. பணம் அன்றிரவே தருவது, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குடிசையைக் காலிசெய்வது என்பது உடன்பாடு.

மறுநாள் ஆறு மணிக்குத் தோரோ அக்குடும்பத்தை வழியிற் கண்டார். படுக்கை, காப்பி அரைக்கும் பொறி, முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் ஆகிய அவர்களுடைய உடைமை முழுவதும் ஒரே மூட்டையில் அடங்கியிருந்தது. பூனை மட்டும் உடன்செல்லவில்லை. அது காட்டுக்குள் ஓடி, பின்னர் ஒரு பொறியிற் சிக்கி மாண்டது. ஒருவர் குடிபுகும் வீட்டுக்கு மற்றொருவர் குடிபெயர்ந்த வீடு பலகையாயிற்று. விலை நேர்மையாகத் தரப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தோரோ விரும்பி ஏற்றுக்கொண்ட எளிய வாழ்வு காலின்சு குடும்பத்தார்க்கு விரும்பாமலே வாய்த்தது என்பதையும் கருதவேண்டும்.

அன்று காலையிலேயே தோரோ குடிசையைப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கினார். பலகைகளைச் சிறு வண்டியில் பலமுறை ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டுசென்று, புல்லின்மேல் பரப்பி வெயிலில் வைத்தார். வெயில் அவற்றை வெளுக்கச்செய்தது, வளைவையும் நிமிர்த்தியது. அவர் வண்டியோடு சென்ற இடைவேளைகளில், அண்டையிலிருந்த ஒருவர் கோணாத நல்ல ஆணிகளாய்ப் பொறுக்கித் தம் பைக்குள் இட்டுக்கொண்டார்; தோரோ திரும்பி வந்ததும் ஒன்றும் அறியாதவர்போல் நின்று உரையாடினார்! குடில் கட்டிய செலவில் ஆணிக்கு மட்டும் 3 டாலர் 90 சென்ட் ஆனதற்கு இவரும் ஒரு காரணமாகலாம்.

தெற்கு நோக்கிச் சரிந்த மணல்மேட்டில், வளை தோண்டி வாழும் சிறு விலங்கொன்று முன்னரே அகழ்ந்திருந்த இடத்தில், ஆறடிச் சதுரமும் ஏழடி ஆழமும் உள்ள நிலவறையைத் தோண்டினார். உருளைக்கிழங்கு எத்தகைய குளிரிலும் உறையாத ஆழம் அது. தந்தையாரின் வீட்டுக்குக் கல் அடுக்கியவர், இங்குக் கல் வேண்டா என்று விட்டுவிட்டார். வேலை இரண்டே மணி நேரத்தில் முடிந்தது.

மே மாதத் தொடக்கத்தில் சட்டங்களை நிமிர்த்தும் நாள் வந்தது. எமர்சன், ஆல்காட்டு, கவிஞர் சானிங், உழவர் எட்மண்டு ஹாஸ்மரும் அவர்தம் மைந்தர்களும் வந்து தோள்கொடுத்தனர். ஆள் வேண்டும் என்பதைவிட, அண்டை அயலாரின் உறவு வேண்டும் என்பதற்காகவே அவர்களை அழைத்ததாகத் தோரோ கருதினார். சூலைத் திங்கள் 4 ஆம் நாள், நாட்டின் விடுதலைத் திருநாளன்று, குடில் புகுந்தார். அப்போது கூரையும் பலகைச் சுவரும் மட்டுமே இருந்தன. புகைபோக்கி இல்லை; சமையல் வெளியே தரையில்.

இலையுதிர் காலத்தில்தான் புகைபோக்கி எழுந்தது. அதன் அடித்தளத்துக்கு இரண்டு வண்டிக் கற்களை ஏரிக்கரையிலிருந்து கையாலேயே மேட்டுக்குச் சுமந்திருந்தார். செங்கல் ஆயிரமும் பழஞ்செங்கல். ஐம்பது ஆண்டுப் பழஞ்சாந்து அவற்றில் இறுகிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் கரணையால் தட்டித் துப்புரவு செய்யவேண்டியிருந்தது. அவர் விரைந்து கட்டவில்லை. காலையில் தரைமட்டத்தில் தொடங்கிய வரிசை, இரவில் தலையணையாய் உதவும் அளவே உயர்ந்தது. பின்னர்ச் சுவர்களின் புறத்தே மர ஓடுகள் அடித்தார். மரத்தின் முதற்சீவலாய் வந்த கழிவு ஓடுகள் ஆதலின், விளிம்புகளை இழைப்புளியால் நேராக்கிக்கொண்டார். கடுங்குளிர் வந்தபின் உட்சுவரில் வரிச்சடித்துச் சாந்து பூசினார். அதற்கு வேண்டிய வெண்மணலை ஏரியின் எதிர்க்கரையிலிருந்து படகில் கொண்டுவந்தார்.

முடிந்த குடில் பத்தடி அகலம், பதினைந்தடி நீளம், எட்டடி உயரத் தூண்கள் உடையது. பக்கத்துக்கு ஒரு பெரிய பலகணி, ஒருபுறம் கதவு, எதிர்ப்புறம் கணப்படுப்பு, மேலே பரண். கணக்கையும் அவர் காசு விடாமல் எழுதிவைத்தார். பெரும்பாலும் பழங்குடிசையினவாகிய பலகைகளுக்கு 8 டாலர் 3½ சென்ட். மர ஓட்டுக்கு 4 டாலர். கண்ணாடியுடன் கூடிய பழம்பலகணி இரண்டுக்கு 2 டாலர் 43 சென்ட். ஆயிரம் பழஞ்செங்கலுக்கு 4 டாலர். சுண்ணாம்புக்கு 2 டாலர் 40 சென்ட். சாந்தில் கலக்கும் மயிருக்கு 31 சென்ட் ஆயிற்று. அது வேண்டியதினும் மிகுதி என்று தம் தவற்றையும் ஒப்புக்கொண்டார். சுண்ணக்கட்டிக்கு ஒரு சென்ட். வண்டிக்கூலி குறைந்ததற்குக் காரணம், பெரும்பகுதியைத் தம் முதுகிலேயே சுமந்தமை. மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். அக்காலத்தில் ஹார்வர்டு கல்லூரியில் மாணவர் ஒருவர் ஓர் அறைக்கு ஆண்டு வாடகையாகக் கொடுத்த தொகை 30 டாலர்!

அக்குடிலில் கட்டில் ஒன்று, மேசை ஒன்று, எழுதும் மேசை ஒன்று, நாற்காலி மூன்று. ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில் பெரும்பகுதி அவரை பயிரிட்டு, முதலாண்டில் செலவு போக 8 டாலர் 71½ சென்ட் ஊதியம் கண்டார். அடியே இல்லை என்று ஊரார் நம்பிய ஏரியைக் கயிறும் கல்லும் கொண்டு அளந்து, அதன் ஆழம் 102 அடி என்று கண்டார். காலையில் பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தார். 1846–47 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆட்கள் வந்து அவ்வேரியின் பனிக்கட்டியை அறுத்து அடுக்கியபோது, தம் ஏரிநீரைச் சென்னை மக்களும் பருகுவர் என்று எண்ணி மகிழ்ந்தார். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் அவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு நிற்கிறது.

அவர் துறவியாய் வாழ்ந்தார் என்று கருதுவது பொருந்தாது. ஊருக்கு அடிக்கடி சென்றார். அன்னையார் இல்லத்தில் உண்டார். இதனைக் கூறி அவரை இகழ்வார் உளர். தாய்வீட்டு உணவைத் தள்ளவேண்டும் என்று அவர் எங்கும் நோன்பு பூண்டவர் அல்லர். 1846 சூலையில் அவ்வாறு ஊருக்குச் சென்றபோதுதான், அடிமை முறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்தமைக்காக ஓரிரவு சிறையில் வைக்கப்பட்டார். அதுபற்றி அவர் 1849 இல் வெளியிட்ட கட்டுரையைப் பிற்காலத்தில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் படித்துப் போற்றினார்.

ஏரிக்கரையில் வாழ்ந்தது இரண்டு ஆண்டு, இரண்டு திங்கள், இரண்டு நாள். 1847 செப்டம்பர் 6 ஆம் நாள் குடிலை விட்டு நீங்கினார். அண்ணனோடு சென்ற ஆற்றுப் பயண நூல் அதற்குள் உருவாகிவிட்டது. 1849 இல் ஆயிரம் படிகள் அச்சாயின. நான்காண்டில் 706 படிகள் விலைபோகாமல் அவரிடமே திரும்பின. அவற்றையும் முதுகில் சுமந்தே மாடிக்குக் கொண்டுசென்றார். குடில் வாழ்க்கையைக் கூறும் ‘வால்டன்’ என்னும் நூல் 1854 இல் வெளிவந்தது. 1862 மே 6 ஆம் நாள், காசநோயால், தம் நாற்பத்து நான்காம் வயதில் தோரோ மறைந்தார்.

குடிலை எமர்சன் பெற்று, பின் தம் தோட்டக்காரர்க்குக் கொடுத்தார். 1849 இல் அது ஊரின் வடபுறத்து உழவர் ஒருவரின் நிலத்துக்கு நகர்த்தப்பட்டுத் தானியம் வைக்கும் அறையாயிற்று. 1868 இல் கூரையைக் கழற்றிப் பன்றிக் கொட்டிலுக்கு மேய்ந்தனர். எஞ்சிய பலகைகளை 1875 இல் பிரித்துக் களஞ்சியம் ஒன்றைப் பழுதுபார்க்கப் பயன்படுத்திக்கொண்டனர். ஏரிக்கரையில் புகைபோக்கியின் கல் அடித்தளம் மட்டும் மண்ணுள் கிடந்தது. 1945 இல் ராபின்ஸ் என்பவர் அகழ்ந்து அதனைக் கண்டார்.