பிரான்ஸ் லிஸ்ட்: முழக்கமும் அமைதியும்

பேரோசையினால் இளைஞரைக் கிளர்ச்சியுறச் செய்த மேனாட்டு இசைக்குழுவினர் பலர், ஆண்டு முதிர முதிர மெல்லிய இசையை நாடுதலைக் காண்கிறோம். அதனைத் தளர்ச்சியென்பார் சிலர், முதிர்ச்சியென்பார் சிலர். இவ்விரண்டனுள் எது பொருந்துமென ஆராயப் புகுவார்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் லிஸ்ட் என்னும் பியானோ வித்துவானின் சரிதம் பெரிதும் துணைபுரியும்.

லிஸ்ட் 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், அந்நாளில் ஹங்கேரியைச் சேர்ந்திருந்ததும் இந்நாளில் ஆஸ்திரியாவில் உள்ளதுமாகிய ரைடிங் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஆதாம், எஸ்தர்ஹாசி பிரபுவின் ஆட்டுப் பண்ணையிற் கணக்கராயிருந்தவர். இசையில் தீராக் காதலுடையவர். மைந்தனுக்கு முதலாசிரியரும் அவரே. ஒன்பதாம் வயதில் மேடையேறிய சிறுவனின் கைத்திறங் கண்டு வியந்த ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், அவனது கல்விக்கு ஆறாண்டுகள் பொருளுதவ முன்வந்தனர். வியன்னா நகரில் செர்னி என்பார் பியானோவையும், முதியவராகிய சாலியெரி இசையமைப்பையும் பயிற்றினர். 1823-இல் பாரிஸ் நகரஞ் சென்றபோது, அங்குள்ள இசைக்கல்லூரி அயல்நாட்டுப் பிள்ளையென்று கூறிச் சேர்க்க மறுத்தது. 1827-இல் தந்தையாரும் காலமானார். அப்பொழுது லிஸ்டுக்கு வயது பதினைந்து. தாயைக் காக்கும் கடமை தலைமேல் விழவே, அவர் பாரிஸில் வீடுவீடாகச் சென்று பியானோ கற்பித்துப் பொருளீட்டினார்.

1832-இல் பகானினி என்னும் இத்தாலிய வயலின் வித்துவானின் கச்சேரியைக் கேட்டமை அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. வயலினில் அவர் செய்ததைப் பியானோவில் தாம் செய்தல் வேண்டுமென உறுதி பூண்டு, நாடோறும் பல மணி நேரம் விரற்பயிற்சி செய்தார். காலமும் அவருக்குத் துணைநின்றது. 1821-இல் எரார் என்னும் கருவியாளர், அழுத்திய கட்டை முற்றும் மேலெழுமுன்னரே மீண்டும் ஒலிக்கத்தக்க புதிய பொறியமைப்புக்கு உரிமை பெற்றிருந்தார். லிஸ்டின் விரல்களின் விரைவுக்கு அவ்வமைப்பு ஈடுகொடுத்தது. ஆனால் அவர் கைகளின் வலிமைக்கு அந்நாளைய கம்பிகள் ஈடுகொடுக்கவில்லை. கச்சேரி நடுவே கம்பிகள் அறுந்து தெறித்தலும், மற்றொரு பியானோவுக்கு அவர் மாறி அமர்தலும் உண்டு.

1839 முதல் 1847 வரை அவர் ஐரோப்பாவெங்கும் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நிகழ்த்தினார். தனியொருவர் முழுக் கச்சேரியையும் ஏட்டைப் பாராது வாசிக்கும் வழக்கத்தை நிலைநாட்டினவர் அவரே. 1841-ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் நகரஞ் சென்று, ஏறக்குறையப் பத்து வாரத்துள் 21 கச்சேரிகள் நடத்தினார். சீமாட்டிகள் அவருடைய கையுறைக்கும் அறுந்த கம்பிக்கும் போட்டியிட்டனர். ஹைனே என்னும் ஜெர்மானியக் கவிஞர் 1844-இல் இப்பித்துக்கு லிஸ்டோமேனியா என்று பெயரிட்டார். ஈட்டிய செல்வத்தை லிஸ்ட் தமக்கெனப் பதுக்கினாரல்லர். 1838-இல் தான்யூப் வெள்ளத்தால் வருந்திய ஹங்கேரியர்க்கெனக் கச்சேரிகள் செய்தார். பான் நகரிற் பீத்தோவனுக்குச் சிலை எழுப்பவும் பெரும்பொருள் வழங்கினார்.

இங்ஙனம் புகழின் உச்சியில் நின்றவர், 1847-இல் தென் ரஷ்யாவிலிருந்த எலிசவெத்கிராத் நகரில், தமது முப்பத்தைந்தாம் வயதில், பொருளுக்கு வாசிப்பதை அடியோடு நிறுத்தினார். மறு ஆண்டு வைமார் நகரில் அரசவை இசைத்தலைவராய் அமர்ந்து, பிறர் இசைக்கும் தம் இசைக்கும் பாடுபட்டார். வாக்னரின் லோஹெங்ரின் என்னும் இசைநாடகம் 1850-இல் முதன்முதல் அரங்கேறியது அவர் முயற்சியாலேயே. பி மைனர் சொனாட்டா என்னும் பெரும்படைப்பை 1853-இல் முடித்தார்.

பின்னர்த் துயரம் தொடர்ந்தது. 1859-இல் மகன் தானியேலும், 1862-இல் மூத்த மகள் பிளாந்தீனும் இளமையிலேயே மாண்டனர். காரொலீன் சீமாட்டியாரை மணக்க ரோமாபுரியிற் செய்த ஏற்பாடு 1861-இல் தடைப்பட்டது. 1863-இல் லிஸ்ட் நகர்ப்புறத்து மடமொன்றில் ஒடுங்கினார். 1865-இல் குருத்துவத்தின் கீழ்நிலைப் பட்டங்களை ஏற்று, அபே லிஸ்ட் என அழைக்கப்படலானார்.

அவருடைய முதுமைக்கால இசை முன்னையதற்கு முற்றும் வேறானது. விரைவு ஒழிந்தது, அலங்காரம் உதிர்ந்தது, சில சுரங்களும் அவற்றிடையே மௌனமுமே எஞ்சின. 1881-இல் எழுதிய சாம்பல்நிற மேகங்கள் என்னும் சிறுபடைப்பு 48 தாள அளவைகளே கொண்டது. முடிவிலும் ஓரிடத்தில் அமராது நின்றுவிடுகின்றது. 1882-இன் இறுதியில் வெனிஸ் நகரில், மகள் கோசிமாவின் கணவராகிய வாக்னரின் மனையில் தங்கியிருந்தபோது, பிணஞ்சுமந்து செல்லும் படகைக் குறித்து ஓர் இசை புனைந்தார். அடுத்த பெப்ருவரியில் அம்மனையிலேயே வாக்னர் உயிர்நீத்தார். இப்புதிய இசையை மூளைத் தளர்ச்சியின் அறிகுறியென்று கருதினவருள் வாக்னரும் ஒருவர் என்பது எண்ணி வருந்தத்தக்கது. எவர்க்கு வழி திறந்துவிட்டாரோ அவரே அறிந்துகொள்ளவில்லை. லிஸ்ட் வாதாடவுமில்லை, பழைய முழக்கத்துக்குத் திரும்பவுமில்லை. தம்மை நாடிவந்த மாணவர்க்குக் கூலி வாங்காது கற்பித்துக்கொண்டு, எழுதியவற்றிற் பலவற்றை அச்சிடாமலே வைத்திருந்தார்.

அவர் கைகள் சோர்ந்தமையால் இசை மெலிந்ததெனக் கூறவும் இயலாது. 1886-ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியார் முன் அவர் வாசித்தார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் பைராய்ட் நகரில், தமது எழுபத்து நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார். இருபதாம் நூற்றாண்டிற் புதுவழி கண்ட இசைவாணர், அவருடைய முதுமைக்கால ஏடுகளில் தம் முன்னோடியைக் கண்டனர்.

முழக்கம் அவருக்கு உலகத்தைத் தந்தது. அதனைத் துறக்குமாறு எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கைத்தட்டலின்றியும், உற்றாரின் உடன்பாடின்றியும் தமக்கு உண்மையென்று தோன்றியதையே அவர் எழுதினார். ஆற்றல் குன்றியவர் அடங்குவது தளர்ச்சி. ஆற்றல் உள்ளவர் தாமே அடங்குவது முதிர்ச்சி. லிஸ்டின் அமைதி இரண்டாவது வகையைச் சார்ந்தது.