தோற்ற கோஷ்டியைத் தூக்கி நிறுத்தியவர்

கசாப்புக்கடைக்காரர் மகன் லொம்பார்டியின் வரலாறு

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர் இருக்கிறது. குளிர் மிகுந்த ஊர். 1958-ம் ஆண்டில் அங்கு ஜனத்தொகை சுமார் 60 ஆயிரம்தான்.

அந்தச் சின்ன ஊருக்குச் சொந்தமாக ஒரு கால்பந்துக் கோஷ்டி உண்டு. அதன் பெயர் பேக்கர்ஸ். 1919-ல் ஓர் இறைச்சிக் கம்பெனி சட்டை வாங்கப் பணம் கொடுத்ததால் வந்த பெயர் அது. இந்தக் கோஷ்டிக்கு முதலாளி கிடையாது. ஊர் மக்களே பங்குப் பணம் போட்டு நடத்தினார்கள். லாபத்தில் ஒரு காசு கூட யாருக்கும் கிடையாது.

1958-ல் பேக்கர்ஸ் கோஷ்டி 12 ஆட்டம் ஆடியது. ஜெயித்தது ஒன்று. சமமாக முடிந்தது ஒன்று. மீதிப் பத்தும் தோல்வி! பால்டிமோர் கோஷ்டியிடம் 56-0 என்ற கணக்கில் உதை வாங்கியது.

அதற்கு முன்பு ஆறு முறை சாம்பியன் பட்டம் வாங்கிய கோஷ்டி அது. கடைசிப் பட்டம் 1944-ல் கிடைத்தது. பிறகு இறங்குமுகம்தான்.

யார் மேல் குற்றம்?

ரசிகர்கள் கொதித்தார்கள். ஊரெங்கும் இதே பேச்சு.

பயிற்சியாளர் சரியில்லை என்றார்கள் சிலர். அவரை மாற்றி என்ன பயன், ஏற்கனவே பலரை மாற்றியாகிவிட்டதே என்றார்கள் வேறு சிலர். குவார்ட்டர்பேக் திறமை இல்லாதவர் என்பது இன்னொரு கட்சி. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை எடுக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி.

குவார்ட்டர்பேக் என்றால் யார்?

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம்; எறியலாம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று முடிவு செய்பவர்தான் குவார்ட்டர்பேக். தேரோட்டி மாதிரி. தேர் கவிழ்ந்தால் திட்டு முழுவதும் அவருக்குத்தான்.

கிரீன் பே மக்களுக்குக் கோபத்தை விடப் பயம் அதிகம். மற்றச் சிற்றூர்களின் கோஷ்டிகள் எல்லாம் எப்போதோ மறைந்துவிட்டன. தோற்றுக்கொண்டே இருந்தால் தங்கள் கோஷ்டியும் கையை விட்டுப் போய்விடுமோ என்று கலங்கினார்கள். 1957-ல்தான் ஊர்ப் பணத்தில் புது மைதானம் கட்டியிருந்தார்கள்.

இந்த நிலையில் 1959-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒருவர் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஊரில் பலருக்கு அவர் பெயரே புதிது.

அவர்தான் வின்ஸ் லொம்பார்டி!

பாதிரியார் படிப்பு

லொம்பார்டி 1913-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இத்தாலிய வம்சம். தந்தை இறைச்சி வியாபாரி. ஐந்து குழந்தைகளில் இவர்தான் மூத்தவர்.

முதலில் பாதிரியார் ஆக விரும்பினார். அதற்கான பள்ளியிலும் சேர்ந்தார். பிறகு மனம் மாறியது. ஆனால், தேவாலயத்துக்குப் போகும் பழக்கத்தைக் கடைசி வரை விடவில்லை.

போர்டாம் சர்வகலாசாலையில் படித்தபோது கால்பந்து ஆடினார். ஆள் குள்ளம். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான். இருந்தாலும் முன்வரிசையில் நின்றார். 1936-ல் அந்த முன்வரிசைக்குக் கருங்கல் பாறைகள் என்று பட்டப்பெயர் கிடைத்தது. அதில் லொம்பார்டியும் ஒரு பாறை.

படிப்பு முடிந்ததும் நல்ல வேலை கிடைக்கவில்லை. 1939-ல் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார். லத்தீன் மொழியும் ரசாயனமும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி.

வகுப்பில் மந்தமான மாணவனுக்கும் புரிகிற வரை திரும்பத் திரும்பச் சொல்வது அவர் வழக்கம். அந்த வாத்தியார் குணம்தான் பின்னால் அவரை உயர்த்தியது.

45 வயதில் வாய்ப்பு

பிறகு வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர். 1954 முதல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கோஷ்டியில் உதவிப் பயிற்சியாளர். அங்கே தாக்குதல் ஆட்டத்துக்கு லொம்பார்டி பொறுப்பு. தடுப்பு ஆட்டத்துக்கு டாம் லாண்டிரி பொறுப்பு. 1956-ல் ஜயன்ட்ஸ் சாம்பியன் ஆனது.

ஆனாலும் தலைமைப் பதவி மட்டும் கைக்கு வரவில்லை. வயது 45 ஆகிவிட்டது. இனி நமக்குக் கிடைக்காது என்று மனம் சோர்ந்திருந்த நேரத்தில்தான் கிரீன் பே அழைத்தது.

பயிற்சியாளர், நிர்வாகி என்ற இரண்டு பதவிகளையும் அவரே ஏற்றார். ஐந்து வருட ஒப்பந்தம்.

பழைய படத்தில் புதையல்

வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை என்ன? பழைய ஆட்டங்களின் சினிமாப் படங்களைப் போட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அப்போது ஓர் உண்மை தெரிந்தது. ஊரார் நினைத்தது போல அவர்கள் உதவாக்கரைகள் அல்ல! பேக்கர்ஸ் கோஷ்டிக்கு ஆள் தேடும் வேலை பார்த்த ஜாக் வைனிசி, நல்ல இளைஞர்களாகப் பொறுக்கி வைத்திருந்தார். ஜிம் டெய்லர், ரே நிட்ச்கி, ஜெர்ரி கிரேமர், பாரஸ்ட் கிரெக் எல்லோரும் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். அவர்களைச் சரியாக நடத்தத்தான் ஆள் இல்லை.

பால் ஹார்னங் என்பவர் கல்லூரியில் பெயர் பெற்ற குவார்ட்டர்பேக். இங்கே அவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்றே தெரியாமல் விழித்தார்கள். லொம்பார்டி அவரைப் பந்தோடு ஓடுகிறவராக மாற்றினார். 1960-ல் ஹார்னங் ஒரே பருவத்தில் 176 புள்ளி எடுத்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2006 வரை யாராலும் முடியவில்லை!

சிலரை லொம்பார்டி வெளியே அனுப்பவும் செய்தார். பிரபல ஆட்டக்காரர் பில்லி ஹவுட்டனை வேறு கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு பேரை வாங்கினார்.

ஒழுங்கு கடுமையானது. குறித்த நேரத்துக்கு 15 நிமிஷம் முன்னதாக வர வேண்டும். சரியான நேரத்துக்கு வந்தால் அது தாமதம். ஒரே ஆட்ட முறையை நூறு தடவை பழக்கினார். எதிரிகளுக்கு அது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

நிற பேதத்தையும் அவர் பொறுக்கவில்லை. கறுப்பு இன ஆட்டக்காரர்களை ஏற்காத ஓட்டலில் கோஷ்டியில் ஒருவரும் தங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

1959-ல் 7 வெற்றி, 5 தோல்வி. ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

யாரும் நம்பாத ஸ்டார்

குவார்ட்டர்பேக் தகராறு மட்டும் தீரவில்லை.

பார்ட் ஸ்டார் அலபாமா மாநிலத்துக்காரர். கல்லூரியில் முதுகு வலியால் ஒதுங்கியிருந்தவர். 1956-ல் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு முன்பே 199 பேர் எடுக்கப்பட்டார்கள். இவர் 200-வது ஆள்! பரம சாது. அதட்டிப் பேசத் தெரியாது.

லொம்பார்டிக்கும் முதலில் அவர் மேல் நம்பிக்கை இல்லை. லாமர் மெக்ஹான் என்பவரை விலைக்கு வாங்கி வந்து முன்னால் நிறுத்தினார். 1959 கடைசியில் ஸ்டாரை இறக்கினார். 1960-ல் ஒரு தோல்விக்குப் பிறகு மறுபடி மெக்ஹானைக் கொண்டுவந்தார். ரசிகர்கள் மாதிரியே பயிற்சியாளரும் ஊசலாடினார்.

ஒரு நாள் லொம்பார்டி ஸ்டாரை எல்லோர் முன்னிலையிலும் திட்டிவிட்டார். ஸ்டார் அவர் அறைக்குப் போனார். தவறு செய்தால் தனியாகக் கண்டிக்கலாம், தாம் வழிநடத்த வேண்டிய ஆட்களுக்கு முன்னால் சிறுமைப்படுத்தக் கூடாது என்று பணிவாக எடுத்துச் சொன்னார். சாதுவுக்குள் இருந்த உறுதியை லொம்பார்டி அன்று கண்டார். அதன் பிறகு ஸ்டாரைப் பிறர் முன் திட்டவில்லை.

1960 பருவத்தின் நடுவில் ஊசலாட்டம் நின்றது. ஸ்டார்தான் குவார்ட்டர்பேக் என்று முடிவு செய்தார். அந்த ஆண்டே இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். பிலடெல்பியாவிடம் 17-13 என்ற கணக்கில் தோற்றார்கள். அதன் பிறகு, லொம்பார்டி இருந்த வரை பேக்கர்ஸ் எந்த இறுதி ஆட்டத்திலும் தோற்கவில்லை.

1961, 1962, 1965, 1966, 1967 - ஏழே வருடத்தில் ஐந்து சாம்பியன் பட்டம்! சூப்பர் பவுல் எனும் பெரும் போட்டியின் முதல் இரண்டு வெற்றிகளும் இவர்களுக்கே.

கடைசி 16 விநாடி

1967 டிசம்பர் 31. கிரீன் பே மைதானம். பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி குளிர். தரை பனிக்கட்டியாக இறுகிவிட்டது. எதிரி, டாலஸ் கோஷ்டி. அதன் பயிற்சியாளர், பழைய நண்பர் டாம் லாண்டிரி.

டாலஸ் 17, பேக்கர்ஸ் 14. பாக்கி 16 விநாடி. எல்லைக்கோடு ஒரு கஜ தூரத்துக்குள்.

பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் ஆட்டம் சமமாகும். நேராகப் பாய்ந்து, அது தவறினால் எல்லாம் போச்சு! ஸ்டார் லொம்பார்டியிடம் ஓடி வந்தார். பந்தைத் தாமே எடுத்துச் செல்வதாகத் தெரிவித்தார். லொம்பார்டி உடனே சம்மதித்தார்.

ஸ்டார் பாய்ந்தார். கோட்டைத் தாண்டி விழுந்தார். 21-17. வெற்றி!

ஒரு காலத்தில் லொம்பார்டியே நம்பாத அந்த 200-வது ஆளை நம்பித்தான், அன்று அவர் எல்லாவற்றையும் பணயம் வைத்தார்.

மறைவு

உழைப்பு அவரை உருக்கியது. குடும்பத்துக்குக் கொடுத்த நேரம் குறைவு. 1968-ல் பயிற்சியாளர் பதவியை விட்டு, நிர்வாகத்தை மட்டும் பார்த்தார். அந்த வருடமே பேக்கர்ஸ் சரிந்தது. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அவர்களேதான்!

1969-ல் வாஷிங்டன் கோஷ்டிக்குப் போனார். பல ஆண்டுகளாகத் தோல்வியை விட அதிக வெற்றி காணாத அந்தக் கோஷ்டியையும் ஒரே வருடத்தில் நிமிர்த்தினார்.

அடுத்த வருடம் குடலில் புற்றுநோய் கண்டது. 1970 செப்டம்பர் 3-ந் தேதி லொம்பார்டி காலமானார். வயது 57. சூப்பர் பவுல் வெள்ளிக் கோப்பைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் அதுதான் பெயர்.

பின்னாளில் பார்ட் ஸ்டாரே ஒன்பது ஆண்டுகள் பேக்கர்ஸ் பயிற்சியாளராக இருந்தார். அவர் கண்டது பெரும்பாலும் தோல்விதான். லொம்பார்டி இல்லாமல் ஸ்டார் இல்லை. ஸ்டார் இல்லாமல் லொம்பார்டிக்கு அத்தனை பட்டங்களும் இல்லை.

குற்றம் பயிற்சியாளர் மேலா, குவார்ட்டர்பேக் மேலா என்று அன்று ஊர் சண்டை போட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கியபோது அந்தச் சண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கிரீன் பே ஊர் பயந்தது நடக்கவில்லை. பேக்கர்ஸ் கோஷ்டி இன்றும் அதே ஊரில் இருக்கிறது. இன்றும் மக்கள் சொத்தாகவே இருக்கிறது. பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல்!