பேராசிரியர் ராண்ட்ஜன் அளித்த கொடை

கை முறிந்தவனையும் மார்பு நோயால் வாடுபவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றால், வைத்தியர் முதலில் கேட்பது எக்ஸ்-ரே படத்தைத்தான். கரும் பிலிமில் வெள்ளை நிழலாகத் தோன்றும் அப்படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனையோ பேர். ஆயினும் அந்த நிழல் எப்படிப் பிறந்தது, அதை முதன்முதலாக உலகுக்குக் காட்டியவர் யார், கோடிப் பொருள் ஈட்டித் தந்திருக்கக்கூடிய அக்கண்டுபிடிப்பை அவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் என்னும் அப்பெருமகனுடைய வாழ்க்கை, விஞ்ஞானம் பயில்வோர்க்கு மட்டுமன்றிப் பொதுப்பணியில் ஈடுபட்ட ஒவ்வொருவருக்கும் பயன்தருவது என்று நாம் கருதுகிறோம்.

ராண்ட்ஜன் 1845-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி, பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த லென்னப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் துணி உற்பத்தியிலும் வியாபாரத்திலும் ஈடுபட்டவர்; தாயார் ஹாலந்து நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு மூன்று வயது ஆனபோது குடும்பம் ஹாலந்திலுள்ள அபல்டூர்ன் நகருக்குக் குடியேறியது. இளமையில் அவர் மேதை என்று யாரும் சொன்னதில்லை. இயற்கைக் காட்சிகளில் உலாவுவதிலும், தம் கையாலேயே யந்திரக் கருவிகள் செய்வதிலும் அவருக்கு விருப்பம் அதிகம்.

யூட்ரெக்ட் நகரத்துத் தொழிற் பள்ளியில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து மாணவன் எவனோ ஒரு சித்திரம் வரைந்து விட்டான். பழி ராண்ட்ஜன் மேல் விழுந்தது. வரைந்தவன் இன்னான் என்று அவர் அறிவார். ஆயினும் காட்டிக்கொடுக்க மறுத்தார். பள்ளியை விட்டு அவரை நீக்கி விட்டார்கள். இதனால் சர்வகலாசாலைப் பிரவேசத்துக்கு வேண்டிய அத்தாட்சிப் பத்திரம் அவருக்குக் கிடைக்காமலே போயிற்று. ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரத்துத் தொழிற் கலாசாலையில் பரீட்சை மூலம் மாணவரைச் சேர்த்துக்கொள்வதாகக் கேள்வியுற்று, 1865-ல் அங்கே சென்று யந்திர சாஸ்திரம் பயின்றார். 1869-ல் ஜூரிச் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் பெற்றார்.

பௌதிக ஆசிரியர் ஆகஸ்ட் குண்ட் என்பவர் இவருடைய திறமையை உணர்ந்து, தமக்கு உதவியாளராக்கி, வூர்ஸ்பர்க் நகரத்துக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்கேயும் பழைய தடை குறுக்கிட்டது. பள்ளிச் சான்று இல்லாதவருக்கு விரிவுரை நிகழ்த்தும் தகுதி அளிப்பதற்கில்லை என்று அச்சர்வகலாசாலை மறுத்துவிட்டது. மனம் தளராமல் குண்ட்டுடன் ஸ்ட்ராஸ்பர்க் சென்று, 1874-ல் அங்கே அத்தகுதியைப் பெற்றார். ஹோகன்ஹைம், மறுபடி ஸ்ட்ராஸ்பர்க், பின்னர் 1879-ல் கீஸன் என்று பேராசிரியர் பதவிகள் வந்தன. 1888-ல் அவரைப் பேராசிரியராக வரவேற்றது எது? முன்பு அவரைத் தகுதியற்றவர் என்று தள்ளிய அதே வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைதான். 1894-ல் அதன் தலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தது. சான்றுப் பத்திரத்தை மட்டுமே கண்டு மனிதனை அளப்போர்க்கு இது ஒரு பாடமாகும்.

1895-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி மாலை. காற்று பெரும்பாலும் நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார் ராண்ட்ஜன். குழாயிலிருந்து வெளிச்சம் சிறிதும் கசியாதபடி கறுப்பு அட்டையால் அதைப் போர்த்தியிருந்தார். அறையும் இருட்டறை. அப்படியிருந்தும், சற்றுத் தொலைவில் கிடந்த பேரியம் பிளாட்டினோ சயனைடு என்ற உப்புப் பூசிய காகிதத் திரை மினுமினுத்தது. மின்சாரத்தை நிறுத்தினால் ஒளி மறையும், செலுத்தினால் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று அட்டையை ஊடுருவி வந்து திரையை ஒளிரச் செய்கிறது என்று அவர் தெளிந்தார். இன்னதென்று தெரியாத அதற்கு, கணித நூலார் தெரியாத தொகையைக் குறிக்கும் எழுத்தையே இட்டு, எக்ஸ் கிரணம் என்று பெயர் வைத்தார்.

இக்கிரணங்கள் அவர் கண்ணுக்கு மட்டும் எதிர்ப்பட்டவை அல்ல. இத்தகைய குழாய்களைக் கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் சோதனை நடத்திவந்தனர். 1890-ல் பிலடெல்பியா நகரில் போட்டோத் தகடு ஒன்றில் நாணயங்களின் நிழல் தற்செயலாகவே விழுந்திருந்தது. அது இன்னதென்று அறியாமல் எடுத்து வைத்துவிட்டார்கள். அவர்கள் பொருட்படுத்தாததை ராண்ட்ஜன் பொருட்படுத்தினார். வேறுபாடு அவ்வளவே; ஆனால் அதுவே பெரிய வேறுபாடு.

ஏழு வாரம் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மரம், காகிதம், அலுமினியம், ஈயம் என்று ஒவ்வொன்றையும் கிரணத்தின் வழியில் வைத்துப் பார்த்தார். ஆயிரம் பக்கப் புத்தகத்தை அது எளிதில் கடந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத்தகடு அதைத் தடுத்து நிறுத்தியது. கண் காண்பதை மட்டும் அவர் நம்பவில்லை. அழியாத சாட்சி வேண்டுமென்று போட்டோத் தகட்டை நாடினார். மரப்பெட்டிக்குள் இருந்த எடைக்கற்கள், திசையறி கருவி, மரக்கட்டையில் சுற்றிய கம்பி ஆகியவற்றின் நிழல்கள் தகட்டில் பதிந்தன. டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவி பெர்தா அம்மையாரின் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லிச் சுமார் 15 நிமிஷ நேரம் கிரணத்தைப் பாய்ச்சினார். எலும்புகளும் விரல் மோதிரமும் தெளிவாக விழுந்த அப்படமே உலகப் புகழ் பெற்றது.

டிசம்பர் 28-ந் தேதி தம் கட்டுரையை வூர்ஸ்பர்க் பௌதிக வைத்திய சங்கத்திடம் ஒப்படைத்தார். அதில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டைப் போலவே பிலிமையும் உபயோகிக்கலாம் என்று அப்போதே குறித்தார். மேலும், தகட்டிலுள்ள வெள்ளி உப்பை இக்கிரணங்கள் நேராகவே கறுக்கச் செய்கின்றனவா, அல்லது கண்ணாடியிலோ ஜெலட்டினிலோ முதலில் ஓர் ஒளியை எழுப்பி அவ்வொளியினால் கறுக்கச் செய்கின்றனவா என்ற வினாவையும் எழுப்பி, முடிவு கூறாமல் விட்டார். அவர் கையிலிருந்தவை இரண்டே சாதனங்கள்: ஒளிரும் திரை ஒன்று, படம் பதியும் தகடு ஒன்று. பின்னர் வந்த எக்ஸ்-ரே படக்கலை முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்ததால் விளைந்ததேயாகும்.

அதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். பிலிமின் மேல் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டிருப்பவை வெள்ளி புரோமைடு என்னும் உப்பின் நுண்ணிய படிகங்கள். ஒளியோ எக்ஸ் கிரணமோ ஒரு படிகத்தைத் தாக்கினால், அதனுள் சில வெள்ளி அணுக்கள் தனித்துப் பிரிந்து நிற்கும். இம்மாறுதல் கண்ணுக்குத் தெரியாது. பிலிமை டெவலப்பர் என்ற ரசாயன நீரில் அமிழ்த்தும்போது, அச்சில அணுக்களே வித்தாக நின்று, படிகம் முழுவதும் கரிய வெள்ளியாக மாறுகிறது. கிரணம் படாத படிகங்களை ஹைப்போ நீர் கரைத்து அகற்றிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பு கிரணங்களைத் தடுப்பதால் அதன் நிழல் வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் அவற்றைப் போகவிடுவதால் அவ்விடம் கறுப்பாகவும் தோன்றுகின்றன.

இதில் ஓர் இடையூறு இருந்தது. எதையும் ஊடுருவுவது எக்ஸ் கிரணத்தின் பெருமை. பிலிமையும் ஊடுருவிச் சென்றுவிடுவது அதன் குறை. வந்து விழும் கிரணங்களில் நூற்றுக்கு ஒன்று இரண்டே பிலிமில் தங்கும்; எஞ்சியவை வீணே. ஆகவே நோயாளி நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும்; அவன் உடலில் பாயும் கிரணமும் மிகுதி. இதற்குப் பரிகாரம் 1896-ம் ஆண்டிலேயே தோன்றியது. நியூயார்க்கில் பேராசிரியர் மைக்கேல் பூபின், குண்டுச் சிதறல்கள் பாய்ந்த ஒருவருடைய கையைப் படமெடுக்க நேர்ந்தபோது, எடிசன் அனுப்பியிருந்த ஒளிரும் திரையைத் தகட்டோடு சேர்த்து வைத்தார். ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று அஞ்சிய படம் சில விநாடிகளில் கிடைத்ததென்று பூபின் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எடிசனோ ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்து, கால்சியம் டங்ஸ்டேட் என்னும் உப்பே சிறந்ததென்று அதே ஆண்டில் அறிவித்தார். நீல ஒளி வீசும் அவ்வுப்பு சுமார் 75 ஆண்டுக் காலம் உலகத்து எக்ஸ்-ரே அறைகளில் ஆட்சி புரிந்தது.

இத்திரையே ஒளிபெருக்கித் திரை எனப்படுவது. கெட்டியான இத்திரை, பிலிமைவிடப் பன்மடங்கு கிரணங்களைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த ஒவ்வொரு கிரணத் துகளையும் ஆயிரக்கணக்கான ஒளித் துகள்களாக மாற்றி அருகிலுள்ள பிலிமின்மேல் பொழியும். திரையோடு எடுத்த படத்தில் உள்ள கருமையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் திரையின் ஒளியால் விளைந்தது. எக்ஸ் கிரணம் நேரே செய்தது மிகச் சொற்பம். பிலிமின் இரு பக்கமும் மருந்து பூசி, இரு திரைகளுக்கு நடுவே அதை வைத்து, ஒளி புகாத பெட்டியில் இறுக மூடினால் பயன் இன்னும் பெருகும். இத்தகைய இரட்டைப் பூச்சுப் பிலிமை 1918-ல் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி வெளியிட்டது.

எனினும் எந்த லாபத்துக்கும் ஒரு விலை உண்டு. திரையின் ஒளி நாற்புறமும் பரவுவதால் நிழலின் விளிம்பு சற்று மங்கும். திரை தடித்தால் வேகம் கூடும், நுட்பம் குறையும். ஆகவே விரல் எலும்புக்கு மெல்லிய திரையும், வயிற்றுக்கும் முதுகெலும்புக்கும் வேகமான திரையும் கொள்வது வழக்கமாயிற்று. பல்லுக்கு எடுக்கும் சிறு பிலிமுக்குத் திரையே கிடையாது. திரையில் ஒரு தூசி படிந்திருந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். அனுபவமில்லாதவர் அதை நோய்க்குறி என்று மயங்கவும் கூடும். 1970-க்குப் பின் கடோலினியம் முதலிய அரிய மண் உலோகங்களாலான திரைகள் வந்தபோது, அவற்றுட் பல பச்சை ஒளி வீசியபடியால், அந்நிறத்தை உணரும் பிலிமையும் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. கிரணத்தின் அளவு இன்னும் வெகுவாகக் குறைந்தது.

கிரணத்தைக் குறைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? ஆரம்ப காலத்தில் இக்கிரணங்கள் உடலை எரிக்கும் என்பதை உலகம் அறியவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி நாள்தோறும் தம் கையையே கிரணத்தில் நீட்டிச் சோதித்து வந்தார். புண் புற்றாக மாறி, இரு கைகளையும் இழந்து, 1904-ல் உயிர் நீத்தார். எடிசன் அத்துடன் அவ்வாராய்ச்சியைக் கைவிட்டார். இவ்வாறு மாண்ட வைத்தியர்களுக்கும் ஊழியர்களுக்கும் 1936-ல் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. பல தேசத்தாருடைய பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பிலிமும் பலி கொண்டது. எளிதில் தீப்பற்றும் பழைய வகைப் பிலிம் 1929 மே மாதம் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் எரிந்து, அதன் நச்சுப் புகையால் 120-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீப்பற்றாத பிலிம் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்திருந்தும் எங்கும் அதைக் கைக்கொள்ளாததே கொடுமை. அறிந்த நன்மையை மேற்கொள்ளத் தாமதிப்பதும் உயிர்களைப் பலி வாங்கும்.

மீண்டும் ராண்ட்ஜனிடம் வருவோம். 1896 ஜனவரி 1-ந் தேதி கட்டுரையையும் படங்களையும் நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பினார். சில நாட்களில் வியன்னா பத்திரிகை ஒன்று செய்தியை வெளியிட, அது உலகெங்கும் பரவியது. 13-ந் தேதி பெர்லினில் ஜெர்மானியச் சக்கரவர்த்தி முன் சோதனை செய்து காட்டினார். 23-ந் தேதி வூர்ஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில், உடற்கூறு வல்லுநர் கோலிக்கரின் கையைச் சபையோர் முன்னிலையில் படமெடுத்தார். இக்கிரணங்களுக்கு ராண்ட்ஜனின் பெயரையே இடவேண்டும் என்று கோலிக்கர் கூற, சபை ஆரவாரித்தது.

புகழைத் தொடர்ந்து பொருளும் வாயிலுக்கு வந்தது. கண்டுபிடிப்புக்குப் பேடன்ட் உரிமை பெற்றுத் தங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு தொழில் முதலாளிகள் அழைத்தனர். ராண்ட்ஜன் மறுத்தார். சர்வகலாசாலை ஆசிரியன் கண்டறிவது மனித குலம் முழுவதற்கும் உரியது. தனியொருவரோ கம்பெனியோ அதைப் பூட்டி வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. 1901-ல் பௌதிக சாஸ்திரத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுத் தொகையை வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்கே வழங்கினார். பவேரிய அரசு அளிக்க முன்வந்த பிரபுப் பட்டத்தையும் ஏற்கவில்லை.

இம்மறுப்பின் பயன் என்ன? கட்டுரை வெளிவந்த சில வாரங்களுக்குள் பல தேசத்து வைத்தியர்கள் எவர் அனுமதியும் கேளாமல், எவருக்கும் கப்பம் கட்டாமல், முறிந்த எலும்பையும் பாய்ந்த குண்டையும் படமெடுக்கத் தொடங்கினர். பூபினும் எடிசனும் திரையைத் திருத்தியது அச்சுதந்திரத்தினால் அன்றோ? உரிமைப் பத்திரம் ஒன்று குறுக்கே நின்றிருக்குமானால், ஏழை நோயாளி இப்படத்தைக் காண எத்தனை ஆண்டுகள் காத்திருந்திருப்பான் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1900-ல் மியூனிக் சர்வகலாசாலைக்கு மாறிய ராண்ட்ஜனின் இறுதிக் காலம் துயரம் சூழ்ந்தது. 1919-ல் மனைவியார் காலமானார். முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு வீழ்ந்து, அவர் சேமிப்பும் கரைந்து போயிற்று. 1923 பிப்ரவரி 10-ந் தேதி குடற் புற்றுநோயால் மியூனிக்கில் உயிர் துறந்தார். கீஸனில் பெற்றோர் கல்லறைக்கருகே அவர் அஸ்தி அடக்கம் செய்யப்பட்டது.

இன்று பல ஆஸ்பத்திரிகளில் பிலிமும் இருட்டறையும் மறைந்து, மின்னணுப் பலகைகள் வந்துவிட்டன. ஆனால் அப்பலகைகளிற் பெரும்பாலானவற்றின் உள்ளேயும் சீசியம் அயோடைடு போன்ற ஓர் உப்பு, கிரணம் பட்டவுடன் ஒளிர்கிறது, அவ்வொளியே படமாகிறது. திரை மறையவில்லை. நவீனக் கருவிகளும் மருந்துகளும் யாருடைய உடைமை என்ற வழக்கு உலகில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவ்வழக்கில் வாதிடப் புகுவோர், பெரும் பொருளைக் கையில் ஏந்தியும் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத ராண்ட்ஜனை ஒருமுறை நினைந்து பார்ப்பார்களாக. அறிவுடையோர் அறிவைப் பொதுவில் வைத்தால் அது பெருகும் என்பதற்கு, நோயுற்றோர் கையில் ஏந்தி வரும் ஒவ்வொரு எக்ஸ்-ரே படமும் சாட்சியாகும்.