பிள்ளைகளைப் பாட வைத்த பெருந்தகை

வீணை வாங்கப் பணம் வேண்டும். பியானோ வைக்க இடம் வேண்டும். குரலுக்கோ இவை எவையும் வேண்டா. ஏழைக்கும் செல்வர்க்கும் இறைவன் ஒன்றுபோல் அளித்த இசைக்கருவி அது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்தவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை ஸோல்தான் கோடாய்.

இவர் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கெச்கெமேத் நகரில் பிறந்தார். தந்தையார் ரயில்வேயில் பணியாற்றியவர். பள்ளி நாள்களிலேயே வயலினும் செல்லோவும் பயின்று, ஆலயப் பாடகர் குழுவிலும் பாடினார். 1905 முதல் கிராமம் கிராமமாகச் சென்று, உழவர் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். நண்பர் பேலா பார்த்தோக்கும் இப்பணியில் இணைந்தார். 1907இல் கோடாய் புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார்.

பெரியோருக்கான இசையால் புகழ்பெற்ற அவர் சிறுவர் பக்கம் திரும்பியது ஏன்? பள்ளிகளில் பிள்ளைகள் பாடிய தரமற்ற பாடல்கள் அவர் மனத்தை வருத்தின. எனவே 1925இல் சிறுவர் பாடகர் குழுவுக்கென்றே பாடல்கள் இயற்றினார்.

அவர் காட்டிய வழி எளியது. முதலில் தாய்மொழி நாட்டுப்பாடலை எல்லாரும் ஒரே குரலில் பிசகின்றிப் பாட வேண்டும். பின்னர் வகுப்பு இரண்டு அணிகளாகும். நம் ச, ரி, க போன்றவையே டோ, ரே, மி. ஓர் அணி 'டோ'வை நீட்டிப் பிடிக்க, மற்றோர் அணி 'மி' பாடும். இரண்டும் சேரும்போது பிறக்கும் இனிமையே ஒத்திசைவு. இங்கிலாந்தின் ஜான் கர்வன் வகுத்த கைச்சைகைகள் இதற்கு உதவின. மூடிய கை 'டோ', கவிழ்த்து விரித்த கை 'மி'. ஆசிரியர் இரு கைகளாலும் இரு அணிகளையும் நடத்தலாம்! பியானோவின் துணையை அவர் விரும்பவில்லை. ஓர் அணியின் குரலே மற்ற அணிக்குத் துணை. தன் குரலை மட்டும் உரக்க எழுப்புவோரிடம் ஒத்திசைவு பிறவாது. அடுத்தவர் குரலுக்குச் செவி கொடுப்போரிடமே அது பிறக்கும். இப்பயிற்சிக்கென 1941இல் 107 இருகுரல் பாடங்கள் கொண்ட நூலை வெளியிட்டார்.

போர் மூண்டது. 1944-45இல் புடாபெஸ்ட் முற்றுகையிடப்பட்டபோது, அவரும் யூத குலத்தில் பிறந்த அவர் மனைவி எம்மாவும் ஒரு கன்னியர் மடத்தின் நிலவறையில் அடைக்கலம் புகுந்தனர். அந்த இருண்ட நாள்களிலும் அவர் இசை எழுதுவதை நிறுத்தவில்லை என்பது எங்களுக்கு வியப்பளிக்கிறது.

1950இல் அவர் பிறந்த கெச்கெமேத்திலேயே, நாள்தோறும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப்பள்ளி உருவானது. அதைப் பின்பற்றிப் பல பள்ளிகள் தோன்றின. 1967 மார்ச் 6ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது முறையை, நாட்டுப்பாடல் மரபைக் காக்கும் நல்வழியாக 2016இல் யுனெஸ்கோ தன் பதிவேட்டில் சேர்த்தது.

ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கையரே! குரல் வளம் இல்லையென்று பின்வரிசையில் வாய் மூடி நிற்க வேண்டா. முதலில் அருகில் நிற்பவளின் குரலைக் கேளுங்கள். பிறகு உங்கள் குரலை அதனோடு சேருங்கள். பாட்டில் பழகிய இப்பண்பு வாழ்விலும் நம்மை ஒன்றாக்கும். ஒருவர் குரலை ஒருவர் மதித்து, நாம் அனைவரும் கூடிப் பாடுவோமாக!