50,000 அடி ஃபிலிமைத் தேடி உலகம் சுற்றிய தமிழர்: யார் இந்த ஏ.கே.செட்டியார்?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போகும் ரோட்டில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே நிமிர்ந்தால் மலை. விடிவதற்கு முன்பே இந்தச் சுற்றுவட்டார ஊர்களில் இருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பிவிடும். அந்த ஜீப்பில் முப்பது, நாற்பது வருஷம் போய் வந்த ஒரு பாட்டியின் கதையைப் பதிவு செய்யணும் என்றால் இன்றைக்கு என்ன வேண்டும்? கையில ஒரு செல்போன், அரை நாள் நேரம். அவ்வளவுதான்.

1937-ல் அப்படி இல்லை. அன்றைக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க நினைத்த ஒரு தமிழ் இளைஞர், அதற்காக சுமார் 1 லட்சம் மைல் பயணம் செய்தார். அந்த மனிதர் மகாத்மா காந்தி. இளைஞர், ஏ.கே.செட்டியார்.

கோட்டையூர் டு டோக்கியோ

செட்டிநாட்டின் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் கருப்பன் செட்டியார். படித்தது திருவண்ணாமலையில். அந்தக் காலச் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ரங்கூன், பினாங்கு, சைகோன் எல்லாம் பக்கத்து ஊர் மாதிரி. வட்டித் தொழிலுக்காகக் கப்பல் ஏறுவது சாதாரண விஷயம். இவரும் கப்பல் ஏறினார். ஆனால் பர்மாவில் இவர் பார்த்த வேலை, பத்திரிகை ஆசிரியர் வேலை. ரங்கூனில் இருந்து வந்த ‘தனவணிகன்’ இதழை நடத்தினார்.

அடுத்து இவரை இழுத்தது கேமரா. புகைப்படக் கலை படிக்க ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் படித்து முடித்த பிறகு நியூயார்க். அங்கேயும் புகைப்படக் கல்லூரியில் சேர்ந்து டிப்ளமா வாங்கினார். இதெல்லாம் 25 வயதுக்குள்.

கப்பலில் வந்த யோசனை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கில் இருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் ‘சமாரியா’ கப்பலில் இருந்தார் செட்டியார். அன்று காந்தி பிறந்தநாள். நடுக்கடலில்தான் அந்த யோசனை வந்தது: காந்தியின் வாழ்க்கையை ஒரு முழுநீள ஆவணப்படமாகக் கொண்டுவந்தால் என்ன?

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. காந்திக்கு அப்போது 68 வயது. தென்னாப்பிரிக்கப் போராட்டம், தண்டி யாத்திரை, லண்டன் வட்டமேஜை மாநாடு எல்லாமே நடந்து முடிந்துவிட்டன. திரும்ப நடத்தி எடுக்க இது நாடகம் இல்லை. காந்திக்கு சினிமா மேல் ஆர்வமும் கிடையாது. கேமராவுக்காக நின்று போஸ் கொடுக்கிற ஆளும் இல்லை.

அப்படியானால் ஒரே வழிதான். இதற்கு முன்னால் யார் யாரோ, எங்கெங்கோ, வேறு எதற்காகவோ காந்தியைப் படம் பிடித்திருப்பார்கள். அந்தத் துண்டுகளை எல்லாம் தேடிச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அதுதான் படம்.

ஆவணப்படம் என்ற சொல்லே தமிழ்நாட்டில் பலருக்குப் புதிது. பாட்டும் புராணக் கதையுமாக சினிமா ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் ‘டாக்குமெண்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட்’ என்ற பெயரில் நிறுவனம் தொடங்கி, செட்டியார் தேடலில் இறங்கினார்.

1 லட்சம் மைல் தேடல்

இமெயில் இல்லை, கூகுள் இல்லை. எந்த நாட்டில், எந்தக் கிடங்கில், எந்த டப்பாவில் காந்தி இருக்கிறார் என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. கடிதம் எழுத வேண்டும், இல்லை நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். லண்டனில் இருந்து தென்னாப்பிரிக்கா வரை, நான்கு கண்டங்களில் அலைந்தார். 1 லட்சம் மைல் என்பது சுமார் 1.6 லட்சம் கிலோமீட்டர். பூமியை நான்கு முறை சுற்றி வருகிற தூரம்.

பலன் கிடைத்தது. சுமார் 30 வருட காலத்தில், கிட்டத்தட்ட 100 கேமராமேன்கள் எடுத்த 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. ஓட்டிப் பார்த்தால் 9 மணி நேரத்துக்கும் மேல். கோபால கிருஷ்ண கோகலே 1912-ல் தென்னாப்பிரிக்கா போனபோது எடுத்த, அரிதினும் அரிதான காட்சியும் அதில் உண்டு. மகாத்மா என்று உலகம் அழைப்பதற்கு முன்பிருந்த காந்தி, அந்தச் சில நொடிகளில் நடமாடுகிறார்.

எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு நாள் வேலை. ஒரு செய்திப்படத்துக்காக எடுத்தார்கள், அடுத்த வாரம் மறந்துவிட்டார்கள். அன்றைய நைட்ரேட் ஃபிலிம் வேறு எளிதில் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே உளுத்தும் போகும். யாராவது போய்க் கேட்காவிட்டால் பல டப்பாக்கள் அப்படியே போயிருக்கும். செட்டியார் செய்த பெரிய வேலை, போய்க் கேட்டதுதான்.

படம் வந்தது, மறைந்தது

50,000 அடியை 12,000 அடியாகச் சுருக்கினார். சுமார் இரண்டேகால் மணி நேரப் படம். விளக்கவுரை தமிழில். டி.கே.பட்டம்மாளின் பாட்டும் இடம்பெற்றது. 1940 ஆகஸ்ட் 23-ல் சென்னையில் வெளியானது. செட்டியாருக்கு வயது 28. அடுத்து தெலுங்கிலும் வந்தது.

ஆனால் வெளியான நேரத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. சென்னை மாகாணத்தில் ஆட்சியில் இருந்த காங்கிரஸ் அமைச்சரவை 1939-லேயே பதவி விலகிவிட்டது. 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம், காந்தியே சிறையில். அப்படிப்பட்ட சூழலில் காந்தி படத்தை ஊர் ஊராக ஓட்டுவது நடக்கிற காரியமா? படம் திரையில் இருந்து மறைந்தது.

நாடு சுதந்திரம் அடைந்த 1947-ல் இந்தி விளக்கவுரையோடு டெல்லியில் திரையிடப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் வந்தது. பெயர், ‘மகாத்மா காந்தி: இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி’.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்ததைத் தேடிச் சேர்த்தவரின் படமே தொலைந்துபோனது. ஆய்வாளர்கள் பல வருடம் தேடினார்கள். கடைசியில் கையில் கிடைத்தது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த ஆங்கிலப் பிரதி. அது தமிழ்ப் படத்தைவிட நீளம் குறைவு. 1940-ல் சென்னை பார்த்த அந்த முழுத் தமிழ்ப் படம் இன்று நம்மிடம் இல்லை.

பிறகு என்ன செய்தார்?

செட்டியார் மறுபடி இப்படி ஒரு பெரிய படம் எடுக்கவில்லை. ஆனால் தேடிச் சேர்க்கிற பழக்கம் போகவில்லை. 1943-ல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கினார். இடையில் நின்று நின்று வந்தாலும் கடைசி வரை அதை விடவில்லை. பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகள், பாரதி காலத்து அரிய ஆவணங்கள் என்று தோண்டி எடுத்து மறுபடி அச்சில் ஏற்றினார். காந்தி படத்துக்கு ஃபிலிமைத் தேடியது போலவே இதுவும். தேடும் பொருள்தான் மாறியது.

பயணக் கட்டுரைகள் இன்னொரு பக்கம். அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலின் தலைப்பே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. காந்தி படம் உருவான கதையைத் தொடராக எழுதினார். அவர் இறந்து சுமார் 20 ஆண்டுகள் கழித்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக அது வந்தது.

இத்தனை தூரம் சுற்றியவர், இத்தனை பேர் முகத்தைப் பத்திரப்படுத்தியவர். அவருடைய சொந்தப் புகைப்படங்கள் மட்டும் சொற்பம். தன்னை முன்னால் நிறுத்திக்கொள்வதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. 1983-ல் காலமானார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

மறுபடி போடி மலைக்கு வாருங்கள். மூணாறு பக்கம் மலை மேல் ஒரு குட்டி ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷன் வரை தேயிலை வரும், அங்கிருந்து ரோப்வே வழியாகக் குரங்கணிப் பக்கம் கீழே இறங்கும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அதில் வேலை பார்த்தவர்கள் இன்று இல்லை. அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் ஏதாவது இருக்கிறதா என்று போய்க் கேட்டால்தான் தெரியும்.

ஏலக்காய்த் தோட்டப் பெண்களின் கதைக்கும் இதே நிலைதான். செல்போனில் எடுப்பது சுலபம். ஆனால் ஊர் பேர், ஆள் பேர், தேதி எதுவும் இல்லாத வீடியோ நாற்பது வருஷம் கழித்து யாருக்கும் புரியாது. போன் மாறும்போது அழிந்தும் போகும். எடுத்ததற்கு விவரம் எழுதி இரண்டு மூன்று இடத்தில் பிரதி வைப்பது, பழைய ஸ்டுடியோக்களில் கிடக்கும் நெகட்டிவ்களைக் கேட்டு வாங்குவது, இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. செட்டியார் இதற்காக நான்கு கண்டம் அலைந்தார். ராசிங்காபுரத்துப் பாட்டியின் வீடு பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது.