பாலுசாமி தீட்சிதரும் பிடில் வாத்தியமும்

நம் மாணவருள் சிலர், இல்லத்தின் ஓர் அறையை இசைக்கூடமாக அமைத்துக்கொண்டு, மின்விசையால் ஒலிக்கும் கருவிகளுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று நெடிது ஆராய்ந்து வருகின்றனர். பொருட்செலவும் காலச்செலவும் மிகுந்த காரியமாதலின் அவ்வாராய்ச்சி தக்கதே. பிற நாட்டார் இசைக்கென அமைந்த ஒரு கருவியை நம் இசைக்கு ஏற்குமோ என்று துணிந்து சோதித்த ஒருவர், இருநூறு ஆண்டுகட்கு முன்னர் இச்செங்கற்பட்டுச் சீமையிலேயே வாழ்ந்திருந்தார். அவரே பாலுசாமி தீட்சிதர். தமையனார் முத்துசாமி தீட்சிதரின் பெரும்புகழில் இவர் பெயர் ஒருவாறு மறைந்து நிற்கின்றது.

தந்தையாராகிய இராமசாமி தீட்சிதர் திருவாரூரில் வாழ்ந்த பெரும் இசைப்புலவர். அவருக்கு மூத்த மகனாக முத்துசாமி 1775-லும், அடுத்துச் சின்னசாமியும், இளையவராகப் பாலுசாமி 1786-லும் பிறந்தனர். அக்காலத்துச் சென்னைக் கோட்டையில் பிகட் கவர்னருக்குத் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். அவர் அழைப்பிற்கிணங்கி இராமசாமி தீட்சிதர் குடும்பத்துடன் மணலிக்குக் குடிபெயர்ந்தார். மணலி அந்நாளிற் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிற்றூர். இன்று சென்னை மாநகராட்சிக்குள் அடங்கி, எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளால் அறியப்படுவது. முதலியாருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா எனப் பெயர் வழங்கியவர், அதே பரிவுடன் இவர்களை ஆதரித்தார். நூற்றெட்டு இராகங்களும் தாளங்களும் அமைந்த மாலையொன்றை இராமசாமி தீட்சிதர் பாடி அளித்தது இவ்வள்ளல் பொருட்டே.

துபாஷித் தொழிலுடைய வீட்டார்க்குக் கோட்டைக்குச் செல்லுதல் நாள்தோறும் நிகழ்வது. சின்னையா முதலியார் தீட்சிதர் மக்களையும் உடனழைத்துச் சென்று, ஆங்கு வெள்ளையர் வாசிக்கும் பாண்டு வாத்தியத்தைக் கேட்பித்தார். வைதிக ஆசாரம் வழுவாத குடும்பத்துப் பிள்ளைகள் அந்நிய நாட்டார் இசையைக் கேட்டு வெறுத்தாரல்லர். முத்துசாமி அம்மெட்டுகளை மனத்திற்கொண்டு, அவற்றிற்கு வடமொழியிற் சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வர சாகித்தியம் எனப்படும் அப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது உள்ளன. ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்றாகச் சங்கராபரணத்தில் வந்து நிற்கின்றது.

இளையவர் கொண்டது மெட்டன்று, கருவியே. அவ்வீட்டில் வீணைக்குக் குறைவில்லை. பாலுசாமியும் அதிற் பழகியவரே. எனினும் வீணையின் நரம்பை மீட்டிய கணத்தே ஒலி தேய்கின்றது. பிடிலிலோ வில் ஓடும் அளவும் ஒலி நீள்கின்றது. வீணைக்கு மெட்டுகள் உண்டு; பிடிலின் கழுத்திலோ தடை யாதும் இல்லை. ஆதலின் விரல் ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லலாம். கமகம் என்று நாம் போற்றுவது இவ்வழுக்குதலையும் அசைவையும் பற்றியதே. பியானோ முதலிய கட்டைக் கருவிகளில் ஒவ்வொரு சுரமும் தன்னிடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும். இரண்டிற்கும் நடுவே செல்ல வழியில்லை. இக்குறைபற்றியே பிற்காலத்தில் அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு ஆர்மோனியத்தை விலக்கிற்று. இக்கால மின்னிசைப் பெட்டிகள் சிலவற்றில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் வைத்திருப்பதும் அக்குறையை உணர்ந்தே போலும். வாங்கும் மாணவர் முதலில் அதைச் சோதித்துக்கொள்க.

பாலுசாமியின் விருப்பறிந்த முதலியார், ஐரோப்பிய வித்துவான் ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்தினார். மூன்றாண்டுகள் அவரிடம் பயிற்சி நடந்தது. இதனை எளிதாக எண்ணலாகாது. ஆசிரியர்க்கு நம் இராகம் தெரியாது. மாணவருக்கு முன் இவ்வழியிற் சென்றார் யாரும் துணையில்லை. முயற்சி பயன்படாதொழிந்திருப்பின், மூன்றாண்டு வீணாயின என்று ஊரார் நகைத்திருப்பர். மேனாட்டார் நான்கு நரம்புகளையும் ஐந்தைந்து சுரம் இடைவிட்டுச் சுருதி கூட்டுவர். நம்மவர் வழக்கத்தில் அவை சட்ஜ பஞ்சமமாக இருமுறை அமைகின்றன. அவர்கள் நின்றவாறு மோவாயில் இடுக்கி வாசிப்பர். நம் வித்துவான்களோ சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையை வலக்காற் கணுக்காலிலும் மறுமுனையை மார்பிலும் ஊன்றிக்கொள்கின்றனர். கருவியைத் தாங்கும் பாரம் நீங்கவே இடக்கை எங்கும் தங்குதடையின்றி ஓடுகின்றது.

பிடிலை நம் இசைக்குக் கொணர்ந்த பெருமைக்குத் தஞ்சை அரண்மனை வராகப்பையரையும் உரியவராகக் கூறுவர். முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கராகிய தஞ்சை வடிவேலு அதனைத் திருவாங்கூர் வரை கொண்டு சென்றார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்று பரிசளித்தார். ஒருவரே செய்தார் என்று வழக்காடுவதில் எனக்கு விருப்பமில்லை. எனினும் மணலியில் நடந்த பயிற்சி இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது தெளிவு.

மணலி வாழ்வு நிலைக்கவில்லை. தந்தையார் 1817-இல் மறைந்தார். சகோதரர் பிரிந்து வேறிடம் நாடினர். பாலுசாமியும் சின்னசாமியும் மதுரைப் பக்கம் சென்றனர், சின்னசாமி அங்கேயே இறந்தார். எஞ்சிய பாலுசாமி எட்டயபுரம் சேர்ந்தார். அவ்வூர் மன்னர் இவருடைய பிடில் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்து, சமஸ்தான வித்துவானாக்கிக் கொண்டார். தம்பியைக் காண வந்த முத்துசாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவர் சமாதி இன்றும் அங்குள்ளது. பாலுசாமி மேலும் இருபதாண்டுகட்கு மேல் வாழ்ந்து 1858-இல் மறைந்தார்.

அவருக்கு ஆண்மக்கள் இல்லாமையால், மகள் வயிற்றுப் பேரராகிய சுப்பராமரைச் சுவீகாரமாக ஏற்று, தம் வித்தையை அளித்திருந்தார். அச்சுப்பராம தீட்சிதரோ குடும்பச் சொத்தாகப் போற்றிய கீர்த்தனங்களை வெளியிட இசையாதிருந்தார். ஐரோப்பியச் சுரக்குறிப்பில் நம் பாடல்களை அச்சிட்டு வந்த கிறிஸ்தவராகிய சின்னசாமி முதலியார், எட்டயபுர மன்னர் வாயிலாகவும் வேண்டி அவரை இணங்குவித்தார். அதன் பயனாகச் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904-இல் எட்டயபுரத்தில் அச்சேறிற்று. மணலியில் ஐரோப்பியரிடம் பாலுசாமி மூன்றாண்டு பயின்ற செய்தியையும் நமக்கு விட்டுச்சென்றவர் அப்பேரரே.